வெள்ளிக்கிழமை ஜெபத்தில் என் பெயர்

1

எங்கள் ஊர் மூடுபனியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் ஊர்’ என்று கை தானாக எழுதிவிட்டது. நான் சொல்ல வந்தது ஹாலிஃபாக்ஸை. கனடாவின் கிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். காலையில் பனி இறங்கினால் எதிர்க்கரை இருக்கிறதா, இல்லை யாராவது இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று தோன்றும். நான் இந்தக் கரையில் குடியிருக்கிறேன். வேலை அந்தக் கரையில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக. நடுவில் துறைமுகம். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போவதும் வருவதுமாக இருக்கும். ஏறி உட்கார்ந்தால் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அக்கரை.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படகில் நான் காபி குடிப்பதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். ஆந்திராவில் நான் பிறந்து வளர்ந்த சித்தூரில் அப்போது மாலை நாலு மணி. எங்கள் சபையின் மாதர் சங்கம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் பண்ணும் நேரம். கொரோனா காலத்தில் போன் வழியாகக் கூட ஆரம்பித்தவர்கள், அது போன பிறகும் பழக்கத்தை விடவில்லை. நடுவில் ஒரு ஸ்டூல் மேல் போனை வைத்துவிடுவார்கள். முட்டிவலிக்காரர்கள், பெங்களூருக்கு மகள் பிரசவம் பார்க்கப் போனவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். என் அம்மா எஸ்தர் டீச்சர்தான் சங்கத்தின் செயலாளர். அவள் தயவில் எனக்கும் இணைப்பு உண்டு. என் பக்கத்துச் சத்தத்தை அடைத்துவிட்டு, கேட்பதோடு சரி.

எதைக் கேட்கிறேன் என்றால், எனக்குப் பெண் கிடைக்கச் செய்யும் ஜெபத்தை.

சாந்தம்மா அத்தைதான் தலைவி. எண்பதை நெருங்கும் வயதிலும் குரல் கணீரென்று இருக்கும். தமிழில் ஆரம்பிப்பாள், உருக்கம் ஏற ஏறத் தெலுங்குக்குப் போய்விடுவாள். ‘பிரபுவா, எஸ்தரு மகன் சீலனுக்கு ஒக்க மஞ்சி அம்மாயி’ என்று ஒரு நல்ல பெண்ணைக் கேட்டுவிட்டு, ஆண்டவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தமிழில் விளக்கம் வேறு சொல்லுவாள்: பயபக்தியானவள், படித்தவள், குளிர் தாங்குகிறவள், மாமியாருக்கு போன் பண்ணுகிறவள். நான் பனிக்குள் மிதந்துகொண்டு, கண்ணை மூடியபடி, அந்த இல்லாத பெண் ஒவ்வொரு குணமாகச் சேர்ந்து உருவாவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மாம்பழ சீசனில் சித்தூர் ரோட்டில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் லாரிகளின் ஹாரன் போன் வழியாகக் கேட்கும். இந்தப் பக்கம் படகின் சங்கு. அரைத் தூக்கத்தில் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. உண்மையைச் சொன்னால், வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

போன ஜூன் மாதத்தில் ஒருநாள் அந்த இயர்போன் மக்கர் பண்ணியது. போனிலிருந்து அது பிரிந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை. சாந்தம்மா அத்தை படகு முழுக்க முழங்கினாள். நான் பதறி பொத்தானைத் தேடுவதற்குள், குளிர் தாங்குகிறவள் வரை வந்துவிட்டாள்.

பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், “பாட்டா?” என்று கேட்டாள். ஜெபம் என்றேன். யாருக்கு என்றாள். எனக்குத்தான், கல்யாணம் ஆகவேண்டும் என்று எங்கள் ஊரில் பல வருஷமாகக் கேட்கிறார்கள் என்றேன்.

“ஐயோ, உங்களுக்கு யாருமே இல்லையா?”

“இருக்கிறான். இந்நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான்.”

அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். “அப்படியானால் அவர்களிடம் சொல்லிவிடக்கூடாதா? பாவம், எவ்வளவு சிரமப்படுகிறார்கள்!” என்றாள். நாயும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தது.

2

எங்கள் மாதர் சங்கத்தின் முறை தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது. ஒரு விண்ணப்பம் வரிசையில் ஏறிவிட்டால், அது கேட்கப்படும் வரை வாராவாரம் அதே இடத்தில் வரும். கேட்கப்பட்டதும், யார் வீட்டுக் காரியமோ அந்த வீட்டுக்காரி அடுத்த வெள்ளிக்கிழமை கேசரி கிண்டி எடுத்துவந்து, எல்லார் நடுவிலும் எழுந்து நின்று, நடந்ததைத் தன் வாயாலே சாட்சி சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் வரிசையிலிருந்து இறங்கும். நடுவில் யாரும் ‘வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அவிசுவாசம்.

நான் அவர்களுடைய ராசியான விண்ணப்பமாக இருந்தவன். நர்சிங் சீட்டுக்குக் கேட்டார்கள், கேசரி. வேலைக்குக் கேட்டார்கள், கேசரி. கனடா விசாவுக்கு மூன்று வெள்ளி உபவாசம் இருந்து கேட்டார்கள். அந்தக் கேசரியில் அம்மா முந்திரியை அள்ளிப் போட்டாள். “சீலனுக்கு நாங்க கேட்டு தேவன் இல்லன்னு சொன்னதே கெடையாது” என்று சாந்தம்மா அத்தை கோயில் வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவாள். அந்தத் தெம்பில்தான் அடுத்ததாகப் பெண்ணை வரிசையில் ஏற்றினார்கள்.

அங்கே வண்டி நின்றது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பிறகு ஏறியவர்களெல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் ஸ்கூல் சீட்டுக்காக வரிசையில் ஏறிவிட்டார்கள். அம்மாவோடு மிஷன் பள்ளியில் வேலை பார்த்த ரங்கநாயகி டீச்சர், திருப்பதி கோயில் கைங்கர்யக் குடும்பத்தவர், மனசு கேட்காமல் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னாராம்: “எஸ்தர், தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் நாராயணவனம் கல்யாண வெங்கடேசர்கிட்ட சீலன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துட்டேன். ரெண்டு பக்கமும் சொல்லி வெப்போமே.”  அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையாம். ஆக, என் பெண்ணுக்காக இரு சமயத்துத் தேவாலயங்களும் வேலை செய்துகொண்டிருந்தன. நான் மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை.

3

அம்மாவிடம் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது.

அந்த முறை ஊருக்குப் போனபோது நாயுடுபேட்டையில் ஒரு பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். நைனாவுக்கு, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அப்போதே உடம்பு சரியில்லை, வரவில்லை. பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். நல்ல வீடு. மைசூர்பாகு, மிக்சர், இங்கிலீஷில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு கேள்வி, தெலுங்கில் பெரியவர்களின் சிரிப்பு. கொஞ்ச நேரம் தனியாகப் பேசச் சொன்னார்கள். அவள் துளசி மாதிரி ஏதோ ஒரு செடி வைத்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு, “அங்க நெஜமாவே கடல் உறைஞ்சிடுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தை நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பெண் என்னை நம்பிக் கடல் தாண்டி வருவாள், வந்து ஒரு அந்நியன் வீட்டில் ஆயுசு பூராவும் காத்திருப்பாள் என்று தெளிவாகத் தெரிந்தது. அப்போது மார்ட்டின் என் வாழ்க்கையில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது திருப்பதியில் பஸ் மாற வேண்டும். சாயங்கால நேரம். பஸ் ஸ்டாண்டு முழுக்க மொட்டைத் தலைகள். சந்தனம் பூசி, வெயில் சாய்ந்த வெளிச்சத்தில் மஞ்சளாக மினுங்கிக்கொண்டு, எல்லாரும் வேண்டிக்கொண்டது முடிந்த களைப்பில் மூட்டைகள் மேல் சாய்ந்திருந்தார்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒரே முகமாகத் தெரிந்தது. மலை மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு ஏனோ இது நான் ஏற்கெனவே கண்ட கனவு போல இருந்தது; கனவில் என்ன சொன்னாலும் யாரும் அடிக்கமாட்டார்கள் அல்லவா, அந்தத் தைரியம் வந்தது.

“அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வராது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அங்க ஒருத்தர் கீறாரு. மார்ட்டின்னு பேரு. நாங்க ஒண்ணா வாழறோம்.”

அம்மா கையில் இருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து, ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

“நாயுடுபேட்டக்காரங்களுக்கு இன்னா சொல்றது?” என்றாள் கடைசியில்.

“வேணாம்னு சொல்லிடும்மா. அந்தப் பொண்ணு பாவம்.”

“நைனா காதுல போடாத. தாங்க மாட்டாரு.” பிறகு, “பஸ்ஸு வந்துட்டுது பாரு. ஏறு” என்றாள்.

சித்தூர் வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் சங்கம் கூடியது. என் பெயர் வழக்கமான இடத்தில் வந்தது. எல்லாரோடும் சேர்ந்து அம்மாவும் ஆமென் சொன்னாள்.

நைனா மூன்று வருஷம் கழித்துப் போய்விட்டார். எதுவும் தெரியாமலே போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு மார்ட்டின் என்ற பெயரை அவர் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

4

இந்த நாட்டில் விசித்திரமான ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் ஒரே வீட்டில் துணையாக ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டால், கல்யாணம் பண்ணிக்கொள்ளாவிட்டாலும் வரி கட்டும்போது தம்பதி என்றே எழுதவேண்டும். மேளமில்லை, பந்தல் இல்லை, யாரும் அழவில்லை. மார்ட்டினும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தட்டினோம்; ஆகிவிட்டது. பெற்ற தகப்பனுக்குத் தெரியாத சம்பந்தம் வருமான வரிக்காரனுக்குத் தெரிந்தது. ஒரு தாம்பூலப் பைகூடக் கொடுக்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. மார்ட்டின் அவசரமாகப் போய் இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வந்தான். நான் சொன்ன தாம்பூலத்தில் அவனுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மார்ட்டின் கெட்டிக்காரன் இல்லை, பொறுமைசாலி. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தாலும் கோபம் வராது. என்னிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டான். நான் பேசுவது சித்தூர்த் தமிழ் என்பதால் அவனுக்கும் அதுவே வந்தது. இங்கே தமிழர்கள் பொங்கல் விழா நடத்தியபோது கூட்டிக்கொண்டு போனேன். சென்னைப் பக்கத்து அம்மாள் ஒருவர் அவனுக்குத் தட்டு நீட்டி, “சாப்பிடுங்க” என்றார். மார்ட்டின் பணிவாகக் கைகூப்பி, “நான் துன்னுட்டேன், நீங்க துன்னீங்களா?” என்று கேட்டான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எங்கள் பக்கம் ‘துன்னு’ என்பது தாய் பிள்ளையிடம் சொல்லும் சொல். இதை அவருக்கு விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம் ஆயிற்று. கூடவே இவர் யார் என்ற கேள்வியும் வந்தது. “வீட்டுக்காரர்” என்றேன். வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

சித்தூரிலும் அதே கணக்குத்தான். சங்கத்துப் பெண்களுக்கு அம்மா சொல்லி வைத்திருந்தது, ‘சீலன் கூட ரூம்ல ஒரு வெள்ளக்காரப் புள்ள இருக்குது’ என்பது. வீடியோவில் அம்மா மார்ட்டினைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். பல வருஷமாக அவர்கள் இருவரும் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

5

படகில் சந்தித்த அம்மாளின் பேச்சு மனசில் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் கேட்டேவிட்டேன்.

“அம்மா, அந்த ஜெபத்த நிறுத்திடச் சொல்லேன்.”

“எந்த ஜெபத்த?”

“தெரியாத மாதிரி கேக்காத. எனக்குப் பொண்ணு கேக்கறத. நீ தெரிஞ்சேதானே ஆமென் சொல்ற? அவங்க எல்லாம் கண்ண மூடிக்கினு, வயிறு காஞ்சிக்கினு கேக்கறாங்க. எனக்குப் பாவமா கீது. எனக்கே நான் வேற யாரோ மாதிரி கீது. அவங்க கேக்கற சீலன் நான் இல்லம்மா.”

“வரிசயிலேர்ந்து ஒரு பேரு இறங்கணும்னா ரெண்டு வழிதான் சீலா. ஒண்ணு, நடந்து கேசரி தரணும். இல்லன்னா நைனாவுக்கு ஆன மாதிரி ஆவணும். சொகத்துக்குக் கேட்டுக்கினே இருந்தோம். சவப்பொட்டி வீட்ட விட்டுப் போனப்புறம்தான் அவர் பேர நிறுத்தினோம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்ப நானும் செத்துட்டேன்னு சொல்லிடு” என்றேன்.

அம்மா போனை வைத்துவிட்டாள். பெற்றவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை. ஆனால் அந்தச் சமயத்தில் என் வலியும் பொய்யில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் இணைப்பில் போகவில்லை. படகில் எல்லாரையும் போலக் காபி குடித்தேன். பனி வெறும் பனியாக இருந்தது.

நவம்பரில் எனக்கு வயிற்றுவலி வந்தது. நான் நர்ஸ், ஆனால் நர்ஸுக்குத் தன் வயிறு கடைசியில்தான் தெரியும். குடல்வால் வெடிக்கும் நிலையில் மார்ட்டின் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆபரேஷன் அறைக்குள் போவதற்கு முன் அவனிடம் போனைக் கொடுத்து, அம்மாவுக்குச் சொல்லிவிடு என்றேன். மயக்க மருந்து ஏறும்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டு தெரிந்தது; எல்லார் தலையும் மொட்டை, மார்ட்டின் தலையும். அவன் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்ட்டின் அவளைக் கூப்பிட்டு, அழுகிற முகத்தை மறைக்கத் தெரியாமல், “அம்மா, சீலன் வயிறு கட். டாக்டர் நல்லவர்” என்றானாம்.  நடுவில் மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறான், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலே; சும்மா போனைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறான். தலையாட்டிக்கொண்டு. அடுத்த நாள் நான் கஞ்சி மாதிரி ஒன்றைக் குடித்ததும் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறான்: “அம்மா, சீலன் துன்னான்!”

“அந்தச் சொல்ல அந்தப் புள்ள வாயில கேட்டதும் எனக்கு ஒடம்பே ஆடிப் பூட்டுது சீலா” என்றாள் அம்மா. “நீ சின்னப் புள்ளயில காச்சலா கெடந்தா, நைனா ஸ்கூலுக்கு ஆள் அனுப்பி எனக்கு அதத்தான் சொல்லி அனுப்புவாரு.”

6

ஆபரேஷனுக்காகவும் சங்கத்தில் அவசர ஜெபம் நடந்திருந்தது. நான் பிழைத்துக்கொண்டேன். ஆகவே முறைப்படி அம்மா கேசரி கொடுக்க வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும்.

குளிர்காலம் வந்ததால் வழக்கம்போல இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்கள். சித்தூரில் நாலு மணி என்றால் எனக்கு இப்போது ஆறரை. ஜன்னலில் இன்னும் வெளுக்கவில்லை. மார்ட்டின் பஸ்ஸைச் சூடேற்றக் கிளம்பிப் போயிருந்தான். நான் வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, மாத்திரையின் மந்தத்தில், பல மாதங்களுக்குப் பிறகு இணைப்பில் போனேன். எங்கள் வீட்டுக் கூடத்துப் பழைய ஃபேனின் கடகடச் சத்தம்தான் முதலில் கேட்டது. அதைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்தது.

அம்மா எழுந்து நின்று சொன்னாள். வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, நேரத்தில் கத்தி வைத்தது. பாடம் எடுத்த குரல். சுருக்கமாக, ஒழுங்காக வந்தது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதோடு முடிந்திருக்கும். சாந்தம்மா அத்தை கேட்டாள்:

“அது சரி எஸ்தரு, அத்தன தூரத்துல புள்ளய யாரு பாத்துக்கினாங்க? சொந்தம்னு யாரு கீறாங்க அங்க? இதுக்குத்தானே ஒரு பொண்ணு வேணும்னு கேட்டுக்கினே இருக்கறோம்.”

 அந்தக் கேள்வியில் எனக்கு மூச்சு நின்றது என்பது சும்மா எழுதுவதல்ல, தையல் இழுத்தது. ரூம்ல ஒரு புள்ள இருக்குது என்று சொல்லிவிட்டு அம்மா உட்காரலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று சொல்கிற ஊர். ஒரு பொய்யை இன்னொரு தடவை சொல்வதில் என்ன நஷ்டம்? சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் அந்தப் பெண்களோடு வாழ வேண்டியவள். நான் இல்லை.

“மார்ட்டின் பாத்துக்கினாரு” என்றாள் அம்மா.

“அந்த ரூம்ல இருக்கற புள்ளயா?”

“ரூம்ல இருக்கற புள்ளன்னு நான்தான் உங்களுக்குச் சொன்னேன் அத்த. அது நெசம் இல்ல. சீலனும் அவரும் குடும்பமா கீறாங்க. புருசன் பொஞ்சாதி எப்படி இருப்பாங்களோ அப்படி. சீலனுக்குப் பொண்ணு மேல மனசு போவாது. பொறப்புலயே அப்படி. எனக்கு ஆறு வருசமாத் தெரியும். தெரிஞ்சிக்கினே உங்களையெல்லாம் வயிறு காயப் போட்டு ஜெபம் பண்ண வெச்சேன். நீங்க என்ன மன்னிக்கணும். அந்தப் புள்ள எம்மகன உயிரோட எங்கிட்ட காட்டினான். இன்னும் துணை இல்லன்னு தேவன்கிட்ட கேட்டா அது பொய்யாப் பூடும். சீலன் பேர எடுத்துடுங்க.”

ஃபேன் மட்டும் ஓடியது. யாரோ ஒரு பெண் வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். போனில் டிங் என்று ஒரு சத்தம்; பெங்களூர்க்காரி இணைப்பை விட்டுப் போனாள். இன்னொரு டிங்.

“கேசரி எடுத்துக்கோங்க” என்றாள் அம்மா. 

தட்டில் ஸ்பூன் படும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ போனை அணைத்துவிட்டார்கள்.

7

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முரக்கம்பட்டு வரை செய்தி போய்விட்டதாம். பாஸ்டர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். கோயில் பலிபீடத்தின் வெள்ளை விரிப்பைச் சனிக்கிழமைதோறும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுவது எத்தனையோ வருஷமாக அம்மாவின் வேலை. அந்தச் சனிக்கிழமை விரிப்பு வீட்டுக்கு வரவில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி வைத்துவிட்டு சாயங்காலம் வரை பார்த்தாளாம்.

“பயமா கீதாம்மா?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் கீது” என்றாள். “ஆனா ஆமென் சொல்றப்ப தொண்ட அடைக்கும் எனக்கு, ஆறு வருசமா. அது போயிடுச்சி.”

கனடாவுக்கு வந்துவிடு என்றேன். மார்ட்டின் பின்னாலிருந்து, “வா அம்மா” என்றான். “இன்னாத்துக்கு? நான் இன்னா தப்பு பண்ணிட்டு ஊர வுட்டு ஓடிவரணும்?” என்று கேட்டாள். 

அடுத்த வெள்ளி சாந்தம்மா அத்தை வீட்டில் முறை. போவதா வேண்டாமா என்று மதியம் வரை யோசித்துவிட்டு, அம்மா போயிருக்கிறாள். நான் அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து கேட்டேன். வெளியே முதல் பனிமழை. காற்றில்லாமல், சத்தமில்லாமல், தெருவிளக்கின் மஞ்சளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மார்ட்டின் வண்டியின் பின்விளக்கு தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பாட்டுப் பாடினார்கள். ஆள் குறைவு என்பது பாட்டிலேயே தெரிந்தது. பிறகு வரிசை ஆரம்பித்தது. புரட்டாசியில் விழுந்து இடுப்பு ஒடிந்தவருக்கு. குடுபல்லியில் நிலத் தகராறில் இருக்கும் குடும்பத்துக்கு. அதற்கடுத்து என் பெயர் வரும் இடம். அத்தை ஒரு கணம் நிறுத்தினாள். மூச்சு இழுத்தாள். அதைத் தாண்டி, யாருடைய பேத்தியோ எழுதும் பரீட்சைக்குப் போய்விட்டாள்.

நான் கேட்டது அதைத்தான். கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு நெஞ்சு காலியாகிவிட்ட மாதிரி இருந்தது. இனி எந்த வெள்ளிக்கிழமையும் உலகத்தில் யாரும் என்னை நினைத்துக் கண்ணை மூடமாட்டார்கள் என்று தோன்றியது. இணைப்பை விட்டுவிடலாம் என்று விரலை வைத்தேன்.

“எஸ்தரு” என்றாள் அத்தை, ஜெபத்தின் நடுவிலேயே. “அந்தப் புள்ள பஸ்ஸு ஓட்டறான்னு சொன்னியே, எவ்வளவு பெரிய பஸ்ஸு?”

“பெரிய பஸ்ஸுதான் அத்த. ஸ்கூல் பஸ்ஸு.”

“டிவில காட்னாங்க. அங்கயெல்லாம் ரோட்டு மேல ஐஸு கட்டிக்கினு வண்டியெல்லாம் சறுக்கிக்கினு போவுது. புள்ளைங்கள வேற ஏத்திக்கினு போறான்.” பைபிளை மூடி வைக்கும் சத்தம் கேட்டது. “நீ சொன்னது எனக்குப் புரியல எஸ்தரு. இந்த வாரமெல்லாம் யோசிச்சிக்கினேதான் இருந்தேன், புரியல. அவன் பேரு இன்னான்னு சொன்ன?”

“மார்ட்டின்.”

“மார்ட்டின்” என்று சொல்லிப் பார்த்தாள் அத்தை. பிறகு குரலை உயர்த்தினாள். “பிரபுவா, அந்த மார்ட்டின் ஓட்டற பஸ்ஸு சறுக்கக் கூடாது. பிரேக்கு புடிக்கணும். ஆ பிட்டனி காப்பாடு தண்ட்ரீ. அந்தப் பிள்ளையைக் காப்பாத்து தகப்பனே. அவன் நல்லபடியா வீட்டுக்கு வரணும். சீலன் தனியா கெடக்கறான்.”

எல்லாரும் ஆமென் சொல்லவில்லை. சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சொன்ன மாதிரித்தான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால், தொண்டை அடைக்காமல் சொன்னது அம்மா.